காற்றில் போன குரல்கள்: வீட்டு வீடியோவும் ஒலிவாங்கியின் நூறு வருடக் கதையும்

உடையார்கட்டிலும் அயல் ஊர்களிலும் இருக்கும் உறவுகள், வெளிநாட்டில் இருந்தபடி ஊரை நினைக்கும் உறவுகள் எல்லோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

வரலாற்றுப் பாடத்துக்காக ஒருமுறை பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரை ஊரின் பழைய கதையைச் சொல்லவைத்து, போனில் வீடியோ எடுத்து வாருங்கள் என்றோம். பிள்ளைகள் உற்சாகமாகச் செய்தார்கள். குளக்கட்டில், வயல் வரம்பில், முற்றத்து மாமர நிழலில் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் இருந்து கதைக்கும் வீடியோக்கள் வந்து சேர்ந்தன. படம் எல்லாம் அழகு. ஆனால் போட்டுக் கேட்டால் பாதிக்கு மேல் "புர்ர்ர்" என்ற இரைச்சல்தான். அது சோளகக் காற்று வீசும் காலம்.

அதில் ஒரு வீடியோவை எங்களால் மறக்க முடியவில்லை. ஒரு பிள்ளையின் அம்மம்மா குளத்துப் பக்கம் இருந்து, காடு வெட்டிக் குடியேறிய நாட்களைச் சொல்கிறார். தங்கள் குறிச்சியில் முதல் கிணற்றை வெட்டியவர் யார் என்று சொல்ல வாயெடுக்கிறார். "அந்தக் கிணத்தை வெட்டினது..." என்கிறார். சரியாக அந்த இடத்தில் ஒரு காற்று. உதடு அசைகிறது, கை கிணற்றுப் பக்கம் நீள்கிறது, குரல் இல்லை. காற்று அடங்கும்போது அவர் வேறு கதைக்குப் போய்விட்டார்.

சில மாதங்களில் அந்த அம்மா காலமானார். பிள்ளை போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "சேர், அம்மம்மா என்ன பேர் சொன்னவா எண்டு உங்களுக்குக் கேக்குதோ?"

இயர்போன் போட்டுக் கேட்டோம். கணினியில் போட்டு இரைச்சலைக் குறைத்துப் பார்த்தோம். தெரிந்த பொடியன் ஒருவரிடம் கொடுத்தும் பார்த்தோம். பெயர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தேடப்போனதில்தான் இந்தக் கதை எங்களுக்குக் கிடைத்தது. ஒலியைப் பதிவுசெய்யத் தொடங்கிய நாளிலிருந்து மனிதன் காற்றோடு எப்படி மல்லுக்கட்டினான் என்ற கதை அது.

முதலில் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்வோம். வீடியோவில் கேட்கும் அந்த இரைச்சல், காற்று மரங்களில் மோதும் சத்தம் அல்ல. அது போனுக்கு வெளியே எங்கும் இல்லாத சத்தம். வீடியோ எடுத்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு அம்மம்மாவின் குரல் நன்றாகவே கேட்டிருக்கிறது. ஓடிவரும் காற்று போனின் விளிம்பிலும் ஒலிவாங்கியின் சின்னத் துளையிலும் மோதிச் சுழல்கிறது. அந்தச் சுழல், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை நேரடியாகத் தள்ளுகிறது. சைக்கிளில் வேகமாகப் போகும்போது காதுக்குள் "புஸ்" என்று கேட்கிறதல்லவா? முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் அது மாறும். அதுவும் இதே விஷயம்தான். அந்தச் சத்தம் எங்கள் காதிலேயே பிறக்கிறது.

கணக்கு விருப்பமான பிள்ளைகளுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீற்றர் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகக் கதைத்தால், அந்தக் குரல் ஒலிவாங்கியில் உண்டாக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பஸ்காலின் ஐம்பதில் ஒரு பங்கு. செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வரும் காற்று, அதாவது மரத்தின் இலைகளையும் சிறு கிளைகளையும் ஆட்டும் காற்று, ஒரு பொருளில் மோதி நிற்கும்போது கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ 15 பஸ்கால். குரலைவிட எழுநூறு மடங்குக்கு மேல். அதில் ஒரு சிறு பங்கு ஏறி இறங்கினாலே போதும், குரல் மூழ்கிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகும். எங்கள் வெட்டையில் சோளகம் எப்படி வீசும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1877 இல் எடிசன் குரலைத் தகரத் தாளில் பதிந்து திரும்பக் கேட்டபோது காற்று இரைச்சல் என்றொரு பிரச்சினையே இருக்கவில்லை. அன்றைய கருவி அவ்வளவு மந்தமானது. வாயைக் கிட்ட வைத்து உரத்துச் சொன்னால்தான் ஊசி அசையும். எல்லாப் பதிவும் மூடிய அறைக்குள்தான். 1889 இல் ஜேர்மனியில் லுட்விக் கொக் என்ற எட்டு வயதுச் சிறுவன், தகப்பன் வாங்கிக் கொடுத்த எடிசன் கருவியில் ஒரு பறவையின் பாட்டைப் பதிந்தான். பறவையின் பாட்டொன்று பதிவானதில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழையது அதுதான் என்று சொல்வார்கள். அந்தப் பறவை எது தெரியுமா? சோலைபாடி. நீண்ட வாலும் செம்மண் நிற வயிறுமாக எங்கள் வன்னிக் காட்டுக்குள் விடியற்காலையில் பாடும் அதே இனம். ஆனால் அவன் பதிந்தது காட்டில் அல்ல, வீட்டுக்குள் கூட்டில் வளர்த்த பறவையை. காட்டுக்குப் போய்ப் பதிய அந்தக் கருவியால் முடியாது.

தமிழ்க் குரலும் இந்தக் காலத்திலேயே பதிவாகியது. ஜோர்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிகளின் கணக்கெடுப்புக்காக 1913 முதல் 1929 வரை இந்திய மொழிகளில் கிராமபோன் தட்டுகள் பதியப்பட்டன. தமிழும் அதில் உண்டு. தட்டில் கீறல் சத்தம் இருக்கும், குரல் மெலிந்திருக்கும், ஆனாலும் சொல் விளங்கும். நூறு வருடத்துக்கு முந்திய தட்டில் சொல் விளங்குகிறது. எங்கள் பிள்ளைகளின் போனில் சென்ற வருடச் சொல் விளங்கவில்லை. இந்த முரண்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கருவி நன்றாக வந்ததால்தான் காற்றும் உள்ளே வந்தது.

1920களில் மின் ஒலிவாங்கி பரவியது. மெல்லிய பேச்சையும் அது பிடித்தது. அதோடு வானொலியும் வந்தது. 1924 மே 19 அன்று பீபீசி ஓர் இங்கிலாந்துத் தோட்டத்தில் இரவு ஒலிவாங்கியை வைத்தது. பியற்றிஸ் ஹாரிசன் என்ற பெண் செலோ வாசிக்க, மரத்தில் நைட்டிங்கேல் பறவை பாட, அது நேரடியாக ஒலிபரப்பானது. திறந்த வெளிக்கு ஒலிவாங்கி போன ஆரம்ப நாட்களில் இதுவும் ஒன்று. பின்னர் 1942 மே மாதம் அதே தோட்டத்தில் பறவைகளின் பாட்டுக்காக வைத்த ஒலிவாங்கியில், குண்டு போடப் போகும் விமானங்களின் இரைச்சல் ஏறியது. ஒலிபரப்பை நிறுத்தினார்கள். பதிவு மட்டும் நடந்தது. அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. ஒலிவாங்கி நாம் விரும்புவதை மட்டும் தெரிந்தெடுத்துக் கேட்பதில்லை. விமானத்தின் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்த எங்கள் ஊர்ச் சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் நாட்டில் 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பில் வானொலி தொடங்கியது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர் அதன் முன்னோடி. ஆசியாவின் ஆரம்ப கால வானொலிகளில் அதுவும் ஒன்று. ஆனால் ஒலிபரப்பு பெரும்பாலும் கலையகத்தின் நான்கு சுவர்களுக்குள்தான். திரைப்படத்திலும் அதே கதை. 1934 இல் பசில் ரைட் என்பவர் இலங்கை பற்றி "சோங் ஒஃப் சிலோன்" என்ற ஆவணப்படத்தை எடுத்தார். உலகம் முழுவதும் இன்றும் பேசப்படும் படம் அது. கமரா இந்தத் தீவின் மலையிலும் கடற்கரையிலும் திறந்த வெளியிலும் சுற்றியது. ஆனால் படத்தில் கேட்கும் ஒலிகள் இங்கே பதியப்படவில்லை. பிறகு இங்கிலாந்தில் ஒரு கலையகத்துக்குள் சேர்க்கப்பட்டன. கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் அங்கேதான் வர்ணனையை வாசித்தார். படம் எங்கள் காற்றில் எடுத்தது, சத்தம் மூடிய அறையில் பிறந்தது. அன்றைக்குக் காற்றை வெல்ல இருந்த ஒரே வழி, காற்று இல்லாத இடத்துக்குப் போவதுதான்.

ஆனால் எல்லாவற்றையும் அறைக்குள் கொண்டுவர முடியாது. குதிரை ஓட்டத்தை, பந்தாட்டத்தை, யுத்த களத்தை நேரில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதனால் 1930களில் இருந்து வெளியே போகும் வழிகளை ஒவ்வொன்றாகக் கண்டார்கள். பார்த்தால் எல்லாமே மூன்று வகைக்குள் அடங்கும்.

முதலாவது, கிட்டப் போவது. 1937 அளவில் பீபீசி வாயோடு ஒட்டிப் பிடிக்கும் ஒலிவாங்கி ஒன்றைச் செய்தது. அதன் மேல் விளிம்பு மேலுதட்டில் முட்டும். பேசுபவர் எப்போதும் ஒரே தூரத்தில் இருப்பார். ஆரவாரம் மிகுந்த மைதானத்திலும் அவர் குரல் தெளிவாக வரும். இதே வகையை இன்றும் விளையாட்டு வர்ணனையாளர்கள் பாவிக்கிறார்கள். இதன் கணக்கு எளிது. தூரத்தைப் பாதியாக்கினால் குரலின் அழுத்தம் இரண்டு மடங்காகும். ஒரு மீற்றரில் இருந்து ஒரு சாண் அளவுக்கு வந்தால் நாலைந்து மடங்காகும். காற்றோ அப்படியே இருக்கும்.

இரண்டாவது, ஒலிவாங்கியைச் சுற்றி அசையாத காற்றை வைத்திருப்பது. இதுதான் இந்த வரலாற்றின் பெரிய கண்டுபிடிப்பு. ஒலி என்பது அழுத்த அலை, அது மெல்லிய துணிக்குள்ளால் ஊடுருவிப் போகும். காற்று என்பது ஓட்டம், அதைத் துணி தடுக்கும். கம்பிக் கூடு செய்து அதன்மேல் மெல்லிய துணியைப் போர்த்தினார்கள். கூட்டுக்கும் ஒலிவாங்கிக்கும் நடுவே இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியில் உள்ள காற்று அசையாமல் நிற்கும், ஒலி மட்டும் உள்ளே வரும். பிறகு ஸ்பொஞ்ச் உறை வந்தது. அதற்கும் பிறகு உரோமப் போர்வை வந்தது. இங்கிலாந்தில் 1969 இல் தொடங்கிய ரைகோட் நிறுவனம் இந்தக் கூடுகளையும் உரோம உறைகளையும் செய்வதற்கென்றே பெயர்பெற்றது. தொலைக்காட்சிச் செய்தியில், நீளத் தடியின் நுனியில் சாம்பல் நிறப் பூனை போல ஒன்று தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அந்த உரோமம் அழகுக்கல்ல. காற்று ஒரே சுவரில் மோதினால் சுழலும். ஆயிரக்கணக்கான மயிர்களுக்குள் புகுந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து ஓய்ந்துபோகும். வேலியோரம் பனையோலை மறைப்புக் கட்டிய எங்கள் முன்னோருக்கும் இந்தச் சங்கதி தெரியும். ஓலைக்குள்ளால் காற்று வடிந்து வரும், மதிலில் மோதினால் சுழன்று அடிக்கும்.

மூன்றாவது, கீழ்த்தொனியை வெட்டுவது. காற்று இரைச்சலின் பலம் பெரும்பாலும் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். பெண்குரலின் அடித்தொனி ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸ், ஆண்குரலுக்கு 100 முதல் 150 வரை. ஆனால் சொல்லை விளங்கவைக்கும் க, ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளின் ஒலி ஆயிரக்கணக்கான ஹேர்ட்ஸில் இருக்கிறது. ஆகவே கீழ்ப்பகுதியை வெட்டினால் குரல் கொஞ்சம் மெலிந்தாலும் சொல் தப்பும். தொழில்முறை ஒலிவாங்கிகளில் இதற்கென்றே ஓர் ஆளி உண்டு.

1951 இல் ஸ்ரெஃபான் குடெல்ஸ்கி என்ற போலந்து நாட்டவர் சுவிற்சர்லாந்தில் "நாக்ரா" என்ற தூக்கிச் செல்லக்கூடிய ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தார். அவர் மொழியில் அந்தச் சொல்லுக்கு "பதிவுசெய்யும்" என்று பொருள். அதன்பிறகு வானொலிக்காரரும் படக்காரரும் காடு மேடெல்லாம் போகத் தொடங்கினார்கள். கூடும் உரோமமும் அவர்களோடு போயின.

வீட்டுக்கு வந்த கருவியில்தான் இந்தப் பாடம் விடுபட்டுப் போனது.

1963 இல் பிலிப்ஸ் கசெட்டை அறிமுகப்படுத்தியது. 1970களின் பிற்பகுதியில் இருந்து எங்கள் நாட்டு ஆண்களும் பெண்களும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார்கள். திரும்பும்போது ரேப் ரெக்கோடர் கொண்டுவந்தார்கள். எழுத வாசிக்கக் கஷ்டப்பட்ட உம்மாமார் பிள்ளைகளுக்குக் கசெட்டில் பேசி அனுப்பினார்கள். இரவில், பிள்ளைகள் உறங்கிய பிறகு, அறைக்குள் இருந்து, கருவியை மடியில் வைத்து மெதுவாகப் பேசினார்கள். அந்தக் கசெட் யாரிடமாவது இருந்தால் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு சொல்லும் விளங்கும். தெரியாமலே அவர்கள் இரண்டு விதிகளையும் கடைப்பிடித்திருக்கிறார்கள்: காற்றில்லாத இடம், கிட்ட இருக்கும் வாய்.

அதே காலத்தில் ஒலிவாங்கி சிறுத்தது. 1962 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ற், கேஹார்ட் செஸ்லர் என்ற இருவர் எலெக்ற்ரெற் ஒலிவாங்கியைக் கண்டுபிடித்தார்கள். கடலைக் கொட்டை அளவு, விலையும் மலிவு. அதனால் எந்தக் கருவிக்குள்ளும் அதை வைத்துவிட முடிந்தது. 1983 இல் சொனியின் பீற்றாமூவி, 1985 இல் வீடியோ-8 என்று தூக்கிச் செல்லக்கூடிய வீடியோக் கமராக்கள் வீடுகளுக்கு வந்தன. படமும் சத்தமும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. வசதிதான். ஆனால் ஒலிவாங்கி பேசுபவரிடமிருந்து பிரிந்து, எடுப்பவரின் கைக்குப் போய்விட்டது. 2000களின் தொடக்கத்தில் இருந்து போன்களில் வருவது அரிசி மணி போன்ற சிலிக்கன் ஒலிவாங்கி. ஒரு சின்னத் துளை மட்டும் வெளியே தெரியும். கூடு இல்லை, உரோமம் இல்லை, இடைவெளி இல்லை. நூறு வருடமாகப் படித்த பாடத்தை விட்டுவிட்டுக் கருவி மட்டும் எங்கள் கைக்கு வந்திருக்கிறது.

அதோடு இன்னொன்று. பெரும்பாலான போன்கள் சத்தத்தின் அளவைத் தாங்களே கூட்டிக் குறைக்கும். காற்று பெரிதாக அடித்ததும் போன் "சத்தம் கூடிவிட்டது" என்று நினைத்து எல்லாவற்றையும் குறைத்துவிடும். குரலும் சேர்ந்து இறங்கும். மிகப் பலமாக அடித்தால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். அப்படி வெட்டுப்பட்ட இடத்தில் குரல் மறைந்து கிடக்கவில்லை, அங்கே அது இல்லவே இல்லை. அந்த அம்மம்மாவின் வீடியோவில் நடந்தது இதுதான். எந்தக் கணினியாலும் பெயரை மீட்க முடியாமற்போனதற்கும் இதுதான் காரணம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம் என்று கேட்பீர்கள்.

வேறு ஊர்களில் ஒரு அம்மம்மாவின் வீடியோ கெட்டுப்போனால் அல்பம் இருக்கும், உறுதி இருக்கும், பழைய கடிதம் இருக்கும். எங்களிடம் என்ன இருக்கிறது? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தன. அல்பமும் கசெட்டும் வீட்டோடு போயின. 2009 இன் தொடக்கத்தில் இந்தப் பரந்தன் முல்லைத்தீவு வீதி நெடுகச் சனம் இடம்பெயர்ந்தபோது எங்கள் தமிழ் அயலவருக்கும் அதே கதி. ட்ரங்குப் பெட்டியைப் புதைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து தோண்டியதையும், இடம் தெரியாமல் தேடியதையும் கேட்டிருக்கிறோம். அதற்கு முந்திய தடைக் காலத்தில் பெட்டரியே கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம், பெரியவர்களின் குரலைப் பதிந்து வைக்க எங்கே போவது?

ஆகவே இந்த மண்ணில் காடு வெட்டியது யார், கிணறு வெட்டியது யார், எந்தப் பள்ளிவாசலுக்கும் எந்தக் கோயிலுக்கும் யார் காணி கொடுத்தார், எந்த வீட்டில் யார் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார் என்பதெல்லாம் இன்று சில வயோதிபர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களின் குரல்தான் எங்களுக்கு ஆவணம். அதைத்தான் நாம் சோளகத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

பெருநாள் தொழுகையைத் திடலில் வைத்தால், குத்பா ஓதுபவரின் மைக்கில் காற்று அடித்து "புர்" என்று கேட்கும். உடனே யாராவது ஒருவர் எழும்பிப் போய்த் தன் லேஞ்சியை மைக்கில் சுற்றிவிட்டு வருவார். இரைச்சல் பாதியாகும். கோயில் திருவிழாவிலும் இதைக் கண்டிருக்கிறோம். அவருக்கு இந்த வரலாறு தெரியாது, ஆனால் அதன் சாரம் கைக்குத் தெரியும். வீட்டில் வீடியோ எடுக்கும்போதும் அந்த லேஞ்சிக்காரரைப் போல நாம் எழும்பிப் போகவேண்டும். அதற்கு எங்கள் அனுபவத்தில் கண்ட சில விஷயங்கள்:

பெரியவர் கதை சொல்வதை வீட்டுக்குள் எடுங்கள். பாய், துணி, மெத்தை இருக்கும் அறை நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள், அதுவும் காற்றுத்தான். குளத்தையும் வயலையும் காட்ட வேண்டுமென்றால் பிறகு தனியாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். 1934 இல் அந்தப் படக்காரர் செய்ததும் அதுதான்.

வெளியே எடுத்தே ஆகவேண்டும் என்றால் விடியப்புறம் எடுங்கள். இரவு குளிர்ந்த நிலத்துக்கு மேல் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறத்தான் எழும்பும். சுபஹுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு மணித்தியாலம் பெரும்பாலும் அமைதியானது. சுவரோரம், காற்றுக்கு மறைவான பக்கம் இருத்துங்கள். எடுப்பவர் தன் முதுகைக் காற்றுக்குக் கொடுத்துப் போனுக்கு மறைப்பாக நிற்கலாம்.

இன்னொரு போனைக் கடன் வாங்குங்கள். ஒன்று படம் எடுக்கட்டும். மற்றது குரலை மட்டும் பதிய, பேசுபவருக்கு ஒரு சாண் தூரத்தில், காற்றுப் படாத பக்கம் இருக்கட்டும். கம்பி இயர்போனின் மைக் இன்னும் நல்லது. அதற்குமேல் கொஞ்சம் ஸ்பொஞ்ச், அதற்குமேல் தளர்வாக ஒரு கம்பளிக் காலுறை. துளையை இறுக்கி அடைக்கக் கூடாது, குரலும் அடைபடும். உடுப்பில் உரசாமலும் பார்க்கவேண்டும்.

அரை நிமிடம் பதிந்து, நிறுத்தி, இயர்போனில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். திரையைப் பார்த்தால் சத்தம் தெரியாது. போனில் காற்று இரைச்சல் குறைக்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

முடிந்த வீடியோவில் இரைச்சல் இருந்தால் 100 முதல் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிப் பாருங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவால் இரைச்சல் நீக்கும் செயலிகளும் வந்திருக்கின்றன. நல்லவைதான். ஆனால் குரல் இல்லாத இடத்தில் அவை ஊகித்து நிரப்பக்கூடும். ஒரு பெயரை, ஒரு எல்லையை ஊகத்துக்கு விடக்கூடாது. மூலப் பதிவை அழிக்காமல் இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய விஷயம். ஆட்பெயர், இடப்பெயர், வருடம் வரும்போது "இன்னொருக்கால் சொல்லுங்கோ அம்மம்மா" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர்கள் கோபிக்கமாட்டார்கள், கேட்கிறார்களே என்று மகிழ்வார்கள். அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒலிவாங்கி கைவிட்ட இடத்தில் பேனை கைகொடுக்கும்.

காற்றை ஏசக்கூடாது என்று எங்கள் மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது. சோளகம் இல்லாவிட்டால் நெல் தூற்றுவது எப்படி, வாடையோடு மழை வராவிட்டால் குளம் நிறைவது எப்படி? பிழை காற்றில் இல்லை. நாம்தான் அதற்கு மறைப்புக் கட்டாமல் போனோம்.

அந்தக் கிணற்றின் கதையை முடிக்கவேண்டும். நாங்களும் அந்தப் பிள்ளையும் அதே குறிச்சியின் வேறு மூன்று மூத்தவர்களிடம் போய்க் கேட்டோம். ஒருவருக்கு நினைவில்லை. மற்ற இருவரும் இரண்டு வேறு பெயர்களைச் சொன்னார்கள். இருவரும் உறுதியாகத்தான் சொன்னார்கள். பிள்ளை தன் கொப்பியில் இரண்டு பெயரையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள். நல்ல வரலாற்று மாணவி அப்படித்தான் செய்யவேண்டும் என்று பாராட்டினோம். ஆனாலும் அந்தக் கேள்விக்குறியைப் பார்க்கும்போது மனது கனக்கிறது. பதில் தெரிந்தவர் கமராவைப் பார்த்தே சொல்லிவிட்டுத்தான் போனார்.

உங்கள் வீட்டில் இன்னும் ஒரு உம்மம்மா, ஒரு அப்பப்பா இருந்தால் இந்த வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட இருந்து கேளுங்கள். எப்படி எடுப்பது என்று தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், சொல்லிக் கொடுக்கிறோம். பழைய கசெட் யாரிடமாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள், ஒரு சொல் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் இறைவன் நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தருவானாக.